சுவரில் இருக்கும் பெயர்கள் எந்தச் சபையுடையவை? வேலூர், வட ஆற்காடு தேவாலயங்களில் போர் நினைவுப் பலகைகளின் பூர்வீகம் தேட ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய தேவாலயம் ஒன்றின் சுவரில் பித்தளைப் பலகை. மேலே 1914–1918 என்று ஆண்டுகள், நடுவில் ஏழெட்டுப் பெயர்கள், கீழே ஒரு வேத வசனம். இன்று அந்தச் சபையில் இருக்கும் குடும்பங்களில் யாரைக் கேட்டாலும், இவர்கள் எங்கள் சொந்தம் என்று சொல்வதில்லை. வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி, அரக்கோணம், திருப்பத்தூர் என்று பழைய வட ஆற்காட்டின் எந்த ஊரிலாவது இப்படி ஒரு பலகையைப் பார்த்தால், அது இப்போது இருக்கும் சுவரே அதன் பிறந்த இடம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

நம் பக்கத்துச் சபைகள் பல, ஒன்றோடொன்று இணைந்து வந்தவை. இரண்டு சபைகள் ஒரே சேகரமாகும்போது (ஓர் ஆயரின் பொறுப்பில் இருக்கும் சபைத் தொகுதிதான் சேகரம்) ஒரு கட்டடம் மூடப்படும், அல்லது பள்ளிக்கூடமாக மாறும். அங்கே இருந்த மணி, ஞானஸ்நானத் தொட்டி, திருவிருந்துப் பாத்திரம், நினைவுப் பலகை எல்லாம் இன்னொரு ஆலயத்துக்குப் போகும். கதை மட்டும் கூடப் போகாது. அதனால் இந்தத் தேடலில் நான் விடாமல் பிடித்துக்கொள்ளச் சொல்வது ஒன்றே ஒன்று: கட்டடத்தைத் தொடராதீர்கள், சபையைத் தொடருங்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி சொல்கிறேன். முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் இறந்து, கல்லறை தெரியாமல் போனவர்களுக்காக இராக்கில் பஸ்ரா நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் அதில் வரிசையாகப் பொறிக்கப்பட்டன. இந்தியப் படையில் அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே இடம்பெற்றன. சாதாரண சிப்பாய்கள், அவரவர் ரெஜிமென்டின் பெயருக்குக் கீழே இத்தனை பேர் என்று ஓர் எண்ணாக நின்றுவிட்டார்கள். இந்தப் பாகுபாட்டை காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையமே 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஆகவே நம் ஊர் ஆலயத்துச் சுவரில் ஒரு சிப்பாயின் பெயர் இருந்தால், உலகத்திலேயே அந்த மனிதனின் பெயர் உலோகத்தில் வெட்டப்பட்டிருக்கும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம். அவன் எந்தச் சபைப் பிள்ளை என்று கண்டுபிடிப்பது நாம் அவனுக்குச் செய்ய வேண்டிய கடமை என்றே நினைக்கிறேன்.

படி 1: தொடாமல் படியுங்கள்

முதல் வேலை பலகையைப் படிப்பது. படிப்பதற்கு முன் அதைத் துடைத்துப் பளபளப்பாக்க வேண்டும் என்று யாராவது கிளம்பினால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். பித்தளையில் வெட்டிய எழுத்துகளுக்குள் கறுப்போ சிவப்போ ஒரு மெழுகுக் கலவை நிரப்பியிருப்பார்கள். பாலிஷ் போட்டுத் தேய்க்கத் தேய்க்க அது உதிர்ந்துபோகும், எழுத்தின் விளிம்பும் மழுங்கும். புளி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். சலவைக்கல்லாக இருந்தால் இன்னும் கவனம் தேவை, அமிலம் பட்டால் கல்லே கரையும். உலர்ந்த மென்மையான துணியால் தூசியை மட்டும் தட்டிவிடுங்கள்.

மங்கிய எழுத்தைப் படிக்க வெளிச்சமே போதும். உள்ளே இருட்டாக இருக்கும் நேரத்தில், பலகைக்கு நேராக அல்லாமல் பக்கவாட்டில், சுவரை ஒட்டினாற்போல ஒரு டார்ச்சைப் பிடியுங்கள். எழுத்துப் பள்ளங்களில் நிழல் விழுந்து, நேர்வெளிச்சத்தில் தெரியாத எழுத்துகூடத் தெரியும். இடது, வலது, மேல், கீழ் என்று நான்கு பக்கமிருந்தும் வெளிச்சம் அடித்து நான்கு படங்கள் எடுங்கள். பிறகு கண்ணால் பார்த்து ஒரு நோட்டில் வரிக்கு வரி அப்படியே எழுதுங்கள். தப்பாக இருந்தாலும் திருத்த வேண்டாம். பெயரின் எழுத்துக்கூட்டு, முற்றுப்புள்ளி, பெயர்களின் வரிசை எல்லாமே பின்னால் சாட்சி சொல்லும். பெயர்கள் அகரவரிசையில் இருக்கின்றனவா, பதவி வரிசையிலா? கடைசியில் ஒரு பெயர் மட்டும் வேறு மாதிரி எழுத்தில் இருக்கிறதா? அப்படி இருந்தால் அது பிறகு சேர்க்கப்பட்டது.

அடுத்து பலகையின் உடம்பைப் பாருங்கள். இடம் மாறிய பலகைக்கு அடையாளம் இருக்கும். பயன்படாத திருகாணி ஓட்டைகள், ஓரத்தில் அறுத்த தடம், மரச்சட்டத்துக்கும் உலோகத்துக்கும் பொருந்தாத வயது, பலகையைச் சுற்றி சுண்ணாம்புப் பூச்சில் தெரியும் புது ஒட்டு, இவையெல்லாம் அது வேறு எங்கோ இருந்து வந்தது என்பதற்கான தடயங்கள். மூலையில் பொடி எழுத்தில் செய்தவரின் பெயரும் ஊரும் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளையடிக்கவோ பழுது பார்க்கவோ பலகையை எப்போதாவது கழற்றினால், முன்கூட்டியே ஆயரிடம் சொல்லி வைத்து அந்த நேரத்தில் பின்பக்கத்தைப் படம் எடுத்துவிடுங்கள். அதற்காகவே கழற்றச் சொல்லாதீர்கள்.

பலகை மட்டும்தான் நினைவுச்சின்னம் என்றும் எண்ண வேண்டாம். மணியின் விளிம்பு, பிரசங்க பீடத்தின் அடி, வேதாகமம் வைக்கும் பித்தளைக் கழுகு, வண்ணக் கண்ணாடி ஜன்னலின் கீழ்ப்பட்டை, திருவிருந்துக் கிண்ணத்தின் அடிப்பாகம் எல்லா இடத்திலும் போர் நினைவு வாசகம் இருக்கலாம். சீர்திருத்த சபை மரபில் (நம் பக்கத்தில் ஆற்காடு மிஷன் வழி வந்த சபைகள்) சுவர்களை வெறுமையாக வைத்திருப்பார்கள். அந்த மரபில் வந்த சபைகளில் தேடும்போது சுவரைவிடப் பொருட்களைத்தான் அதிகம் பார்க்க வேண்டும்.

படி 2: வாசகத்திடம் கேள்வி கேளுங்கள்

பலகையில் இருப்பது இறந்தவர்களின் பட்டியலா, போனவர்கள் எல்லோரின் பட்டியலா? இரண்டும் வேறு. சேவை செய்தவர்கள் அனைவரையும் குறிக்கும் பட்டியலில், சிலுவையோ நட்சத்திரமோ போட்ட பெயர்கள் மட்டும் இறந்தவர்களாக இருக்கும். வேலூர் லாங் பஜாரில் இருக்கும் மணிக்கூண்டுக் கல்வெட்டை உதாரணமாகச் சொல்லலாம். 1914–18 பெரும் போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அது சொல்கிறது. பெயர் ஒன்றுகூட இல்லை. இது அரசு இந்தியா முழுக்க ஒரே மாதிரி வாசகத்தில் வைத்த கல்வகை. எந்த ஊரிலும் அந்த வாசகத்தைப் பார்த்தால் அது சபை வைத்ததல்ல என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்த 14 என்ற எண்ணிக்கையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வேலூர் ஆலயம் ஒன்றில் இருக்கும் பெயர்களை அதனோடு ஒப்பிட வேண்டிவரும்.

பலகை யாரை உரிமை கொண்டாடுகிறது என்பது அடுத்த கேள்வி. "இந்தச் சபையின்" என்று இருந்தால் ஒரு வழி. "இந்த ஸ்டேஷனின்" என்று இருந்தால் அது ஆங்கிலிகன் (இங்கிலாந்துத் திருச்சபை) குருமார் பார்த்துக்கொண்ட ராணுவ, சிவில் குடியிருப்பைக் குறிக்கும். "பழைய மாணவர்கள்" என்று இருந்தால் பலகை ஆலயத்துக்கே உரியதல்ல, ஏதோ மிஷன் பள்ளியின் மண்டபத்தில் இருந்து வந்தது. ரயில்வே தொண்டர் படையின் பெயர் இருந்தால் ஜோலார்பேட்டை, அரக்கோணம், காட்பாடி போன்ற ரயில் ஊர்களின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களை நினைக்க வேண்டும்.

தமிழில் வசனம் இருந்தால் மொழிபெயர்ப்பைக் கவனியுங்கள். கடவுளைப் பராபரன் என்று சொல்லும் ஃபப்ரீஷியஸ் வேதாகமத்தை லுத்தரன் சபைகள் நீண்ட காலம் விடாமல் வைத்திருந்தன. மற்ற புராட்டஸ்டன்ட் சபைகள் 1871-இல் வந்த பவர் மொழிபெயர்ப்புக்கு மாறி, தேவன் என்றன. வசனத்தில் பராபரன் வந்தால் ஆம்பூர், திருவண்ணாமலைப் பக்கத்து லுத்தரன் தொடர்பு உண்டா என்று ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

காலத்தைக் கணிக்கப் படைப்பிரிவின் பெயர் நல்ல துணை. 73-ஆவது கர்நாடிக் காலாட்படை என்பது போன்ற பழைய எண் இருந்தால் அது 1922-க்கு முந்தைய பெயர். அந்த ஆண்டு சீரமைப்பில் இவை மூன்றாவது மெட்ராஸ் ரெஜிமென்டுக்குள் போயின. அந்த ரெஜிமென்டும் 1920-களிலேயே கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரில்தான் மறுபடி திரட்டப்பட்டது. சாலை, பாலம் போடும் படையான மெட்ராஸ் பயனியர்கள் 1933-இல் கலைக்கப்பட்டார்கள். ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. (ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர், உணவும் போக்குவரத்தும் பார்த்த படை) என்று இருந்தால் 1935-க்குப் பிறகு, ஏனென்றால் அந்த ஆண்டுதான் "ராயல்" பட்டம் சேர்ந்தது. ஐ.ஏ.எம்.சி. (இந்திய ராணுவ மருத்துவப் படை) என்று இருந்தால் 1943-க்குப் பிறகு. இரண்டாம் போரைப் பற்றிய பேச்சே இல்லாமல் "பெரும் போர்" என்று மட்டும் சொல்லும் பலகை, பெரும்பாலும் 1939-க்கு முன் செய்தது. 1914–1919 என்று இருந்தால் தப்பு என்று நினைக்க வேண்டாம். துப்பாக்கிகள் ஓய்ந்தது 1918 நவம்பர் 11, வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூன் 28. எதைப் போரின் முடிவாகக் கொள்வது என்பதை அவரவர் முடிவு செய்தார்கள்.

1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சியோடு தொடர்புள்ள கற்களைத் தனியாக வையுங்கள். கோட்டைக்கு அருகே உள்ள பழைய ஐரோப்பியர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் பிரிட்டிஷ் 69-ஆவது ரெஜிமென்ட் நினைவும், சிப்பாய்களுக்காக மக்கான் சந்திப்பில் எழுப்பிய தூணும் வேறு வரலாறு. உலகப் போர்ப் பலகையின் கோப்பில் அவற்றைக் கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

படி 3: சபையின் வம்சாவளியை வரையுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒரு பெரிய தாளை எடுத்து, இன்றைய சபையின் பெயரைக் கீழே எழுதி, மேல்நோக்கிக் கிளை வரையுங்கள். மாமன், மச்சான் உறவைக் கண்டுபிடிக்கக் குடும்ப வம்சாவளி போடுவோமே, அதே முறைதான்.

தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் பிறந்தது. அதில் சேர்ந்தவை மூன்று: ஆங்கிலிகன் சபையின் தென்னிந்தியப் பேராயங்கள் (ஒரு பேராயரின் ஆளுகைப் பகுதிதான் பேராயம்), மெதடிஸ்ட் சபையின் தென்னிந்திய மாகாணம், தென்னிந்திய ஐக்கிய சபை. இந்த ஐக்கிய சபையே 1908-இல் பிரஸ்பிடேரியன், காங்கிரகேஷனல் சபைகள் இணைந்து உருவானது. ஆக ஒரு சபை இரண்டு முறை பெயர் மாறியிருக்க வாய்ப்புண்டு. அப்புறம் வேலூர்ப் பேராயம் 1976-இல் சென்னைப் பேராயத்திலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய கடிதப் போக்குவரத்தைச் சென்னையில்தான் தேட வேண்டும். இதை மறந்துவிட்டு வேலூரிலேயே சுற்றிக்கொண்டிருப்பவர்கள் அதிகம்.

வட ஆற்காட்டில் முக்கியமான கிளைகள் எவை? முதலாவது அமெரிக்க ஆற்காடு மிஷன். ஸ்கடர் சகோதரர்கள் 1853-இல் தொடங்கியது. அமெரிக்காவின் சீர்திருத்த சபையைச் சேர்ந்தது. வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி, காட்பாடி எல்லாம் அவர்களுடைய களம். பள்ளிகளும் மருத்துவமனைகளும் நடத்தியவர்கள் என்பதால், இந்த வழியில் வந்த பலகைகளில் சிப்பாய்களோடு கம்பவுண்டர், மருத்துவ உதவியாளர், செவிலியர், எழுத்தர் பெயர்களையும் எதிர்பாருங்கள்.

இரண்டாவது ஆங்கிலிகன் கிளை. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் 1846-ஆம் ஆண்டு செயின்ட் ஜான்ஸ் ஆலயம் இதற்கு நல்ல அடையாளம். படைவீரர்களுக்காகக் கட்டப்பட்டது. குதிரைப்படைப் பாளையம் இருந்த ராணிப்பேட்டையும் இந்தக் கிளையின் ஊர்தான். இத்தகைய ஆலயங்களில் ஆங்கில ஆராதனைக்கு வந்த சபை 1947-க்குப் பிறகு கரைந்துபோனது. கட்டடம் தமிழ்ச் சபையின் கைக்கு வந்தது. சுவரில் இருப்பது பழைய சபையின் இறந்தவர்கள், கீழே அமர்ந்திருப்பது புதிய சபையின் உயிருள்ளவர்கள். இரண்டுக்கும் நடுவே ரத்த உறவு இல்லாமல் போவது இப்படித்தான்.

மூன்றாவது ஸ்காட்லாந்து மிஷன், அரக்கோணம் பக்கம். அடுத்து லுத்தரன்கள். இவர்கள் சி.எஸ்.ஐ.யில் சேரவில்லை, ஆனால் குடும்பங்கள் சபை மாறுவதுண்டு. முதல் போர்க்காலத்தில் தமிழ்நாட்டின் ஜெர்மன் லுத்தரன் மிஷனரிகள் காவலில் வைக்கப்பட்டு, நாட்டை விட்டு அனுப்பப்பட்டார்கள். அந்தச் சூழலில் இருந்த சபையில் 1920-களின் பிரிட்டிஷ் பாணிப் பலகை இருந்தால், அது வேறெங்கிருந்தோ வந்ததா என்ற கேள்வியை முதலிலேயே கேட்க வேண்டும். அமெரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபையும் 1947 இணைப்புக்கு வெளியேதான் நின்றது.

எந்தக் கிளை என்று தெரியாவிட்டால் பழைய நிமிடப் புத்தகத்தின் (சபைக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பேடு) அட்டையைப் பாருங்கள். "வெஸ்ட்ரி" என்று இருந்தால் ஆங்கிலிகன். "கன்சிஸ்டரி" என்றால் ஆற்காடு மிஷனின் சீர்திருத்த மரபு. "செஷன்" என்றால் ஸ்காட்லாந்து பிரஸ்பிடேரியன். "லீடர்ஸ் மீட்டிங்" என்றால் மெதடிஸ்ட். இந்த ஒரு சொல் பல வாரத் தேடலை மிச்சப்படுத்தும்.

ஒவ்வொரு கிளைக்கும் மூன்று தேதிகள் எழுதுங்கள்: பதிவேட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், இணைந்த பிறகு வந்த முதல் கூட்டுப் பதிவு. பலகையின் காலம் இந்தத் தேதிகளுக்குள் எங்கே விழுகிறது என்று பாருங்கள். 1925-இல் செய்ததாகத் தோன்றும் பலகை, 1931-இல் தொடங்கிய சபையுடையதாக இருக்க முடியாது. அந்த இடத்தில் சந்தேகம் தீர்ந்துவிடும்.

படி 4: காகிதங்களைத் தேடுங்கள்

சேகர அலுவலகத்தின் இரும்பு அலமாரியிலிருந்து ஆரம்பியுங்கள். ஆயரிடமும் சேகரக் கமிட்டிச் செயலரிடமும் எழுத்து மூலமாக அனுமதி கேளுங்கள். எந்த ஆண்டுகள், எந்தப் புத்தகங்கள் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். சொத்து விவகாரம் ஏதாவது கிளறப்படுமோ என்ற அச்சம் கமிட்டிகளுக்கு இயல்பாகவே உண்டு. உங்கள் நோக்கம் பலகை மட்டும்தான் என்பதைக் கடிதத்திலேயே தெளிவாக எழுதிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும்.

கேட்க வேண்டியவை: நிமிடப் புத்தகம், கணக்குப் புத்தகம், தளவாடப் பட்டியல், ஆராதனைப் பதிவேடு, நூற்றாண்டு மலர்கள். இவற்றில் கணக்குப் புத்தகம்தான் என் கண்ணில் மிக நேர்மையான சாட்சி. நிமிடப் புத்தகத்தில் தீர்மானம் போட்டுவிட்டு நடக்காமலே போகலாம். ஆனால் பணம் செலவானால் பலகை வந்திருக்கிறது. பித்தளைக்கு, எழுத்து வெட்டியதற்கு, ரயில் கூலிக்கு, கொத்தனாருக்கு என்று வரிகள் இருக்கும். சந்தாப் பட்டியல் கிடைத்தால் இன்னும் நல்லது, யார் யார் கொடுத்தார்கள் என்பதிலிருந்து எந்தச் சபை முன்னின்றது என்று தெரிந்துவிடும். தேதி கிழிந்த கணக்கில் ரூபாய், அணா, பை என்று இருந்தால் அது 1957 ஏப்ரலில் புதிய நாணயம் வருவதற்கு முந்தையதாகவே இருக்கும். தளவாடப் பட்டியல்களை ஆண்டு வாரியாக ஒப்பிடுங்கள். ஒரு பட்டியலில் இல்லாத பலகை அடுத்ததில் திடீரென்று வந்தால், அந்த இடைவெளியில்தான் இடம் மாறியிருக்கிறது.

நூற்றாண்டு மலரைப் படியுங்கள், ஆனால் ஆதாரமாக நிறுத்தாதீர்கள். மலர்க்குழு ஒருவரிடம் கேட்டதை அச்சடித்திருக்கும், அடுத்த மலர் அதையே எடுத்து எழுதியிருக்கும். அதில் சொன்னதை இன்னொரு காகிதத்தில் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆங்கிலிகன் கிளை என்றால் பேராயரின் அனுமதிக் கடிதங்களைத் தேடுங்கள். ஆலயத்துக்குள் பலகை வைக்கப் பேராயரின் எழுத்து அனுமதி வாங்குவது அந்தச் சபையின் முறை. முதல் போர்க்காலத்தில் சென்னைப் பேராயராக இருந்தவர் ஹென்றி ஒயிட்ஹெட், 1923 முதல் எட்வர்ட் வாலர். கடிதங்களில் கையெழுத்தைப் பார்த்தே ஆண்டை ஓரளவு மட்டுக்கட்டலாம். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய ஆங்கிலிகன் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. இணையத்தில் ஃபேமிலிசர்ச் தளத்திலும், ஃபிபிஸ் என்ற இந்திய பிரிட்டிஷ் குடும்ப வரலாற்றுச் சங்கத்தின் தளத்திலும் தேடலாம்.

ஆற்காடு மிஷன் கிளை என்றால் பாதை வேறு. அமெரிக்க சீர்திருத்த சபையின் ஆவணக்காப்பகம் நியூ ஜெர்சியின் நியூ பிரன்ஸ்விக்கில் இருக்கிறது. அதன் அயல்நாட்டு மிஷன் ஆண்டறிக்கைகள் பல, இணையத்தில் ஸ்கேன் செய்து கிடைக்கின்றன. 1914 முதல் 1922 வரை உள்ள அறிக்கைகளில் உங்கள் ஊரின் பத்தியை வரிசையாகப் படியுங்கள். தென்னிந்திய ஐக்கிய சபை ஆவணங்களுக்கு பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் காப்பகம் முக்கியமான இடம். அரசுப் பக்கத்துக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக்காப்பகம்.

1905-இல் வெளியான ஜே. ஜே. காட்டனின் மெட்ராஸ் மாகாணக் கல்லறை, நினைவுக் கல்வெட்டுத் தொகுப்பையும் ஒரு முறை புரட்டுங்கள். மாவட்ட வாரியாக இருக்கும். உலகப் போருக்கு முந்தையது என்பதால் உங்கள் பலகை அதில் இருக்காது, ஆனால் அந்தக் காலத்தில் எந்த ஆலயத்தில் என்னென்ன கற்கள் இருந்தன என்பது தெரியும். இன்று வேறிடத்தில் இருக்கும் பழைய கல் ஒன்று அதில் அகப்பட்டால், அதே வண்டியில் உங்கள் பலகையும் வந்திருக்குமா என்று யோசிக்க வழி பிறக்கும்.

படி 5: பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களைத் தேடுங்கள்

காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையிலும், இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையிலும் இறந்த படையினர் அதில் வருவார்கள். ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்த பிறகு 1918 விஷக்காய்ச்சலில் இறந்தவர் அதில் இல்லாமலும் இருக்கலாம், சபை மட்டும் அவரைத் தன் பலகையில் சேர்த்திருக்கலாம். ஆகவே தளத்தில் பெயர் இல்லை என்பதால் பலகை தப்பு என்று ஆகாது.

பெயரை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். கூடுதல் தகவல் பகுதியில் இன்னார் மகன், இந்த ஊர், வட ஆற்காடு, மெட்ராஸ் என்று இருக்கும். அந்தப் பகுதியில் ஊரையும் மாவட்டத்தையும் போட்டுத் தேடுங்கள். ஊர்ப் பெயர்களின் பழைய ஆங்கில வடிவங்களையும் முயலுங்கள்: வந்தவாசி என்றால் வாண்டிவாஷ், அரக்கோணம் என்றால் ஆர்க்கோணம். மாவட்ட எல்லையும் மாறியிருக்கிறது. 1911-க்கு முன் சித்தூர் வட ஆற்காட்டில் இருந்தது. அந்த ஆண்டில்தான் சேலத்திலிருந்து திருப்பத்தூரும் தென்னாற்காட்டிலிருந்து திருவண்ணாமலையும் வட ஆற்காட்டுக்கு வந்தன. அதற்கு முன் படையில் சேர்ந்த திருப்பத்தூர்க்காரரை சேலம் என்றே எழுதியிருப்பார்கள். 1989-இல் மாவட்டம் இரண்டானது, 2019-இல் வேலூர் மறுபடி மூன்றானது. இன்றைய வரைபடத்தை வைத்துத் தேடினால் ஆளைத் தவறவிடுவீர்கள்.

எழுத்துக்கூட்டில் தாராளமாக இருங்கள். தேவசகாயம், அருளப்பன், ஞானமுத்து போன்ற பெயர்களை ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். முன்னெழுத்து சபைப் பதிவில் இருக்கும், ராணுவப் பதிவில் இருக்காது. ஞானஸ்நானப் பெயரைச் சபை எழுதியிருக்கும், வீட்டுப் பெயரை ரெஜிமென்ட் எழுதியிருக்கும். அதனால் தகப்பன் பெயரும் ஊரும் சேர்ந்து பொருந்தாமல் எந்த ஆளையும் இவர்தான் என்று உறுதி செய்யாதீர்கள்.

வட ஆற்காட்டிலிருந்து போனவர்களில் பலர் சண்டைப் படையில் அல்ல, சாப்பர்ஸ் (ராணுவப் பொறியியல் படை), பயனியர்கள், போக்குவரத்து, காயம்பட்டவர்களைத் தூக்கிச் செல்லும் மருத்துவப் படை, தொழிலாளர் படை போன்றவற்றில் இருந்திருப்பார்கள். மெட்ராஸ் சாப்பர்ஸின் தலைமையிடம் பெங்களூரு, இன்றும் அங்கேதான். படைத் தொடர்பு இந்த மண்ணில் அறுந்துவிடவில்லை. வேலூர் அருகே கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே மக்கள் சொல்கிறார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால், பழைய படைக் குடும்பங்களின் சங்கங்களோடு தொடர்பு கிடைக்கும்.

குடும்பம் கிடைத்தால் பதக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். முதல் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். தொழிலாளர் படைக்கும் உதவியாளர்களுக்கும் அதே பதக்கம் வெள்ளிக்குப் பதில் வெண்கலத்தில் கொடுக்கப்பட்டது. வெண்கலம் என்பதால் மட்டமானது என்று சில வீடுகளில் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். அது அபூர்வமானது என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

ஐரோப்பியப் பெயர்களும் கலந்திருந்தால், சென்னை நந்தம்பாக்கம் போர்க்கல்லறைத் தோட்டத்தையும் பாருங்கள். சிறுநகரக் கல்லறைகளில் இருந்த இரண்டாம் போர்க்கால உடல்களை ஒன்றுசேர்க்க 1952-இல் அது உருவானது. முதல் போர்க்காலத்தில் இறந்து, இந்தியாவின் பல ஊர்க் கல்லறைகளில் கிடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களும் அங்கே ஒரு நினைவுச்சுவரில் இருக்கின்றன.

படி 6: பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள்

"இந்தப் பலகையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டால் ஒன்றும் வராது. இடத்தையும் பழக்கத்தையும் பிடித்துக் கேளுங்கள். "பாட்டி, நீங்க ஞாயிறு பள்ளிக்கு வந்த காலத்துல இது எந்தச் சுவர்ல இருந்துச்சு?" "அய்யா, நவம்பர் மாச ஆராதனையில யாராவது பூ வைப்பாங்களா? யார் வைப்பாங்க?" "பழைய கோயிலை மூடினப்ப சாமானை எதுல ஏத்திக்கிட்டு வந்தாங்க, யார் கூட வந்தாங்க?" இப்படிக் கேட்டால் மாட்டுவண்டி, கோயில்பிள்ளை (ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்), அன்றைய ஆயர், மழை என்று ஒவ்வொன்றாக வரும். கோயில்பிள்ளையாக வேலை பார்த்த குடும்பங்களை விட்டுவிடாதீர்கள். தினமும் பலகையைத் துடைத்தவர்கள் அவர்கள்தான்.

இணைப்பு சில இடங்களில் மனக்கசப்போடு நடந்தது. எங்கள் கோயிலை மூடிவிட்டார்கள் என்ற வருத்தம் அடுத்த தலைமுறைக்கும் இருக்கும். சாதி, மொழி சார்ந்த காயங்களும் வெளியே வரும். அவற்றைப் பொறுமையாகக் கேளுங்கள். பலகைக்குத் தேவையானதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதை அவர்கள் அனுமதி இல்லாமல் எங்கும் பதிய வேண்டாம்.

படி 7: எடை போட்டு எழுதுங்கள்

சேர்ந்த தகவல்களை மூன்று வகையாகப் பிரியுங்கள். அந்தக் காலத்துக் காகிதம் சொல்வது, பலகையே சொல்வது, பின்னால் வந்த மனிதர்கள் சொல்வது. மூன்றும் ஒத்துப்போனால் உறுதியாக எழுதலாம். இரண்டு ஒத்துப்போனால் "பெரும்பாலும்" என்ற சொல்லோடு எழுதுங்கள். ஒன்று மட்டும் என்றால் அது யார் சொன்னது என்பதோடு சேர்த்து எழுதுங்கள். சாமான்கள் எல்லாம் வந்த வழியில்தான் பலகையும் வந்திருக்கும் என்பது நியாயமான ஊகம், ஆனாலும் ஊகம் என்று குறிப்பிட வேண்டும்.

பிறகு பலகைக்கு அருகில் ஒரு சிறு விளக்கக் குறிப்பு வைக்கச் சேகரக் கமிட்டியிடம் கேளுங்கள். பலகையிலேயே எதையும் சேர்க்கவோ திருத்தவோ கூடாது. எழுத்துப் பிழையான பெயரைக்கூட அப்படியே விட்டுவிட்டு, குறிப்பில் சரியான வடிவத்தைத் தரலாம். வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், அதற்குள் ஓர் ஆணி அடிப்பதற்கு முன்னும் துறையின் அனுமதி பற்றி விசாரித்துவிடுங்கள். குறிப்பு தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். அதில் நான்கு விவரங்கள் போதும்: பலகை முதலில் எந்தச் சபைக்காகச் செய்யப்பட்டது, எந்தக் கட்டடத்தில் இருந்தது, எப்போது இங்கே வந்தது, பெயர்களில் யார் யார் அடையாளம் காணப்பட்டார்கள்.

உங்கள் கோப்பின் நகலை ஓரிடத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஒன்று சேகர அலமாரிக்கு, ஒன்று பேராய அலுவலகத்துக்கு, ஒன்று பெங்களூரு காப்பகத்துக்கு, இன்னொன்று கண்டுபிடித்த குடும்பத்தின் கையில். மூடப்பட்ட பழைய ஆலயத்தின் இடத்தில் இன்று பள்ளி நடந்தால், அதன் தலைமை ஆசிரியருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். போர்க்கல்லறை ஆணையத்தின் பதிவில் ஊரோ தகப்பன் பெயரோ தப்பாக இருப்பதை ஆதாரத்தோடு கண்டுபிடித்திருந்தால் அவர்களுக்கும் எழுதுங்கள். உரிய ஆவணம் இணைத்து அனுப்பும் திருத்தங்களை அவர்கள் பரிசீலிக்கிறார்கள்.